பாய்மரப் படகில் தனி ஆளாக எஞ்சின் பராமரிப்பு: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பங்கோர் தீவுக்கு வடக்கே ஒரு விடியற்காலை. மூன்று மணிக்கு வந்த சுமத்ரா, அதாவது தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் இடிமழைக் காற்று, வந்த வேகத்தில் போய்விட்டது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கடல் மட்டும் அடங்கவில்லை. எஞ்சினைப் போட்டேன். கால் மணி நேரம் ஓடியிருக்கும். சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, நின்றுவிட்டது. டேங்கின் அடியில் கிடந்த கசடெல்லாம் ஆட்டத்தில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிட்டது.

ஃபில்டர் மாற்ற எனக்குத் தெரியும். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவும், அதாவது ஏர் எடுக்கவும், தெரியும். ஆனாலும் எஞ்சின் மறுபடி ஓட இரண்டு மணி நேரம் பிடித்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துவேன். ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்க மேலே காக்பிட்டுக்கு ஓடுவேன். டீசல் வந்ததா என்று பார்க்கக் கீழே இறங்குவேன். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் எங்கோ உருண்டு போயிருக்கும். அன்றைக்கு வேலை தெரியாமல் நான் தவிக்கவில்லை. கூட ஒரு ஆள் இல்லாமல்தான் தவித்தேன்.

அதன்பிறகு எஞ்சின் பக்கம் எந்த வேலைக்குப் போனாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இங்கே இன்னொருவர் இருந்திருந்தால் அவர் கை எதைச் செய்துகொண்டிருக்கும்? வெளிச்சம் பிடித்திருக்குமா, பட்டனை அமுக்கியிருக்குமா, மறுபக்கத்து நட்டைப் பிடித்திருக்குமா? பதில் கிடைத்ததும், அந்தக் கைக்குப் பதிலாக ஒரு பொருளைப் பொருத்திவிடுவேன். துறைமுகத்தில் ஒரு சனிக்கிழமை செலவழித்தால், கடலில் பல மணி நேரம் மிச்சமாகும்.

என் படகில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20எஃப். இரண்டு சிலிண்டர், 636 சிசி டீசல் எஞ்சின். கடைசியில் உள்ள எஃப், நன்னீர்க் குளிர்ச்சி உள்ளது என்பதைக் குறிக்கும்: எஞ்சினுக்குள் நன்னீர் கலந்த கூலன்ட் சுற்றும், அந்தக் கூலன்டைக் கடல்நீர் குளிர்விக்கும். உங்களிடம் வால்வோ பென்டாவோ பீட்டாவோ இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அளவுகளுக்கும் ஆயில் தரத்துக்கும் உங்கள் எஞ்சின் கையேட்டையே நம்புங்கள்.

முதலில் எஞ்சினை எட்டிப் பிடிக்க வேண்டும்

பெரும்பாலான படகுகளில் எஞ்சின் இறங்கு ஏணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஏணியைக் கழற்ற வேண்டும், முன்பலகையைக் கழற்ற வேண்டும், பக்கத்துப் பலகையில் எட்டு ஸ்க்ரூ. ஆயில் அளவு பார்க்க எட்டு ஸ்க்ரூ கழற்ற வேண்டுமென்றால் யாரும் தினமும் பார்க்க மாட்டார்கள், நானும் பார்த்ததில்லை. அந்த ஸ்க்ரூக்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கைத்தாழ்ப்பாள் போட்டேன். இப்போது பலகையைத் திறக்கப் பத்து நொடி போதும். இதை மட்டும் செய்தாலே பராமரிப்பில் பாதி தானாக நடக்கத் தொடங்கும்.

அப்புறம் வெளிச்சம். எஞ்சின் அறைக்குள் மூன்று பக்கமும் எல்இடி பட்டை ஒட்டி, பலகைக்குப் பக்கத்தில் சுவிட்ச் வையுங்கள். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று அங்கேயே தொங்கட்டும், அதை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள்.

எஞ்சினுக்குக் கீழே உள்ள குழிக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். அதன்மேல் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் ஒன்றை விரித்து வையுங்கள். எங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். கறுப்பு என்றால் ஆயில், பச்சை என்றால் கூலன்ட், உலர்ந்தபின் உப்புப் பூத்தால் கடல்நீர். நேற்று இல்லாத கறை இன்று எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே பார்த்தால் போதும்.

முக்கியமான ஒவ்வொரு நட்டின் பக்கத்திலும் அதன் ஸ்பேனர் நம்பரைப் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். ஏர் எடுக்கும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் சிவப்பு. எஞ்சின் தாங்கிகளின் போல்ட்டிலிருந்து அடித்தட்டு வரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்து வைத்தால், போல்ட் தளர்ந்த அன்றே கோடு ஒடிந்து காட்டிக்கொடுக்கும். இந்த எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பேனர்களில் இரண்டாவது செட் ஒன்று வாங்கி, சிவப்பு டேப் சுற்றி, எஞ்சின் அறைக் கதவிலேயே மாட்டுங்கள். அவை அங்கிருந்து வேறெங்கும் போகக் கூடாது.

கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்துக்கு ஃபோன் இருக்கிறது. வீடியோவை ஓடவிட்டு, கையை உள்ளே நீட்டி மெதுவாகச் சுற்றி வந்து, வெளியே எடுத்துப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது எடுத்த படங்களையும் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எஞ்சின் பக்கத்திலேயே ஒரு ஸ்டார்ட் பட்டன்

தனி ஆளுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் எனக்குத் தெரியவில்லை. அமுக்கும்போது மட்டும் இணைப்புத் தரும் கனமான பட்டன் ஒன்றை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலனாய்டின் சிறிய முனைக்கும் பாட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே ஃபியூஸுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சோலனாய்டு இழுக்கும் கரண்டைத் தாங்கக்கூடிய பட்டனாகவும் வயராகவும் இருக்கட்டும். தவறிக் கை படாமல் இருக்க அதற்கு ஒரு மூடியும் வேண்டும்.

இந்த பட்டன் சாவியைக் கேட்காது. அதனால் அமுக்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும். தொளதொள சட்டை, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கை பெல்ட்டில் மாட்டினால் எஞ்சினை நிறுத்த மேலே யாரும் இல்லை. என்னுடையது போன்ற ஜிஎம் வரிசை எஞ்சின்களை நிறுத்தக் கம்பியால் இழுக்கும் ஒரு லீவர் உண்டு. அது எஞ்சினில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கையால் தள்ளி நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றுவது

நூறு மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது. படகு எஞ்சினுக்கு அடியில் உள்ள டிரெயின் பிளக்கை எட்ட முடியாது. எனவே டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும். கையால் நான்கைந்து முறை அடித்து வெற்றிடம் உண்டாக்கிவிட்டால் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் உருளை வகைப் பம்ப் வாங்குங்கள். அது தன் வேலையைச் செய்யும்போது உங்கள் இரண்டு கையும் சும்மா இருக்கும், ஃபில்டரைக் கழற்றலாம்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். சூடான ஆயில்தான் நன்றாக ஏறும், கசடையும் சேர்த்துக்கொண்டு வரும். என் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் படுக்கைவாக்கில் இருப்பதால், தளர்த்திய உடனே ஆயில் வழியும். கெட்டியான பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல் முழுக்கப் போட்டு, பைக்கு வெளியே இருந்தே திருகிக் கழற்றினால் ஃபில்டரும் வழிந்த ஆயிலும் பைக்குள் விழும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீறிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும்.

புது ஆயில் ஊற்றியபின் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் பிடிக்காதபடி ஐந்து நொடி மட்டும் சுற்றவிட்டால் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். எடுத்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம், அதாவது உள்ளே உள்ள சவ்வு, கிழிந்திருக்கலாம். இரண்டில் எது என்றாலும் எஞ்சினை ஓட்டாமல் காரணத்தைத் தேடுங்கள்.

டீசல்: பாதித் தொல்லை இங்கேதான்

டீசல் எஞ்சின் நடுக்கடலில் நின்றால் முதலில் எரிபொருளைச் சந்தேகியுங்கள். மலேசியாவில் 2019 முதல் சாலை வண்டிகளுக்கான டீசலில் பொதுவாக 10 விழுக்காடு பாமாயில் டீசல் கலந்து வருகிறது. படகில் நாம் ஊற்றுவதும் பெரும்பாலும் அதையேதான். இந்தக் கலவை தண்ணீரை அதிகம் இழுத்து வைத்துக்கொள்ளும். டேங்கின் அடியில் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில், நம் ஊர் வெப்பத்தில், கிருமிகள் செழித்து வளர்ந்து கறுப்புச் சளி போலப் படியும். பங்கோரில் என் ஃபில்டரை அடைத்தது அதுதான். டேங்கை எப்போதும் நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் கோக்கும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒருமுறை ஒரு கண்ணாடிக் குவளையில் திறந்துவிட்டுப் பாருங்கள்.

டீசல் போகும் வழியை மனதில் வரைந்துகொள்ளுங்கள்: டேங்க், முதல் ஃபில்டர், லிஃப்ட் பம்ப், எஞ்சின் மேலுள்ள இரண்டாம் ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், கடைசியாக இன்ஜெக்டர்கள். ஏர் எடுப்பதும் இதே வரிசையில்தான். இந்தப் பாதையில் நான் செய்துகொண்ட மாற்றங்கள் நான்கு.

முதல் ஃபில்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டு, நடுவே மாற்றிவிடும் வால்வு. ஒன்று அடைத்தால் கைப்பிடியைத் திருப்பினால் போதும், எஞ்சின் நிற்காமலே ஓடும். அடைத்ததை அப்புறம் நிதானமாக மாற்றலாம். இரண்டிலும் 10 மைக்ரான் ஃபில்டர் போட்டிருக்கிறேன். இரண்டாவது, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வெற்றிட மானி. ஃபில்டர் அடைக்க அடைக்க முள் ஏறும், எஞ்சின் இருமத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

மூன்றாவது, குறைந்த அழுத்தத்தில் இயங்கும் மின்சார டீசல் பம்ப், சுவிட்ச் எஞ்சின் பக்கத்தில். எஞ்சினில் உள்ள லிஃப்ட் பம்புக்குக் கட்டைவிரலால் அடிக்கும் சின்ன லீவர் உண்டுதான். ஆனால் அதை அடித்து அடித்து விரல் செத்துப்போகும். சில சமயம் லீவர் பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடும். அப்போது பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே பம்பை இயக்கும் கேம் மேடான பக்கத்தில் நின்றிருக்கும், எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். மின்சார பம்ப் போட்டால் இந்த அவஸ்தை இல்லை. ஆனால் ஒன்று: பழைய டயஃப்ரம் கிழிந்திருந்தால் மின்சார பம்ப் டீசலை நேராக ஆயிலுக்குள் தள்ளிவிடும். பொருத்தும் முன் அதைச் சோதித்துவிடுங்கள்.

நான்காவது மாற்றம் சின்னது, மலிவானது, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கார் பிரேக்கில் ஏர் எடுக்க இருப்பது போன்ற நிப்பிளைப் போட்டேன். அதில் ஒரு கண்ணாடி போன்ற மெல்லிய குழாய், குழாயின் மறுமுனை ஒரு ஜாம் பாட்டிலுக்குள். இப்போது துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குமிழி குழாயில் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், சிந்துவதும் இல்லை.

இனி, ஃபில்டர் மாற்றி ஏர் எடுக்கும் முறை.

1. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வரும் வால்வை, அதாவது கடல்நீர் வால்வை, மூடுங்கள். எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியில் மாட்டுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2. புது ஃபில்டரைப் போட்டு, கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இதற்கென ஒரு லிட்டர் சுத்தமான டீசல் தனி பாட்டிலில் எப்போதும் இருக்கட்டும்.

3. நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தி மின்சார பம்பைப் போடுங்கள். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழி, கடைசியில் தெளிந்த டீசல். தெளிந்தபின்னும் ஒரு நிமிடம் விட்டு மூடுங்கள்.

4. இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு எஞ்சின் பிடித்துவிடும்.

5. பிடிக்கவில்லை என்றால், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, எஞ்சின் பக்கத்துப் பட்டனை அமுக்குங்கள். நட்டோரம் டீசல் துப்பியதும் இறுக்குங்கள். இங்கே அழுத்தம் மிக அதிகம், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கை, முகம் பக்கத்தில் வேண்டாம்.

6. லீவரை இறக்கி, ஆக்சிலரேட்டரைப் பாதிக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்த கணமே கடல்நீர் வால்வைத் திறந்துவிடுங்கள்.

ஏர் எடுத்தும் மறுபடி மறுபடி ஏர் பிடிக்கிறது என்றால் செம்பு வாஷர்களைப் பாருங்கள். ஒருமுறை ஒரு பட்டறையில் சர்வீஸ் செய்து வாங்கினேன். பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள்; இரண்டு வாரம் காரணம் தெரியாமல் அலைந்தேன். செம்பு வாஷர் ஒருமுறை இறுக்கினாலே கெட்டிப்பட்டுவிடும். புதிது இல்லாவிட்டால் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டெடுத்தால் மறுபடி மிருதுவாகும்.

கடல்நீர்: உள்ளே வரவேண்டியதும் வரக்கூடாததும்

கடல்நீர் வால்வை மூடச் சொன்னதற்குக் காரணம் இது. எஞ்சின் சுற்றும் ஒவ்வொரு நொடியும் கடல்நீர் பம்ப் புகைக்குழாய்க்குள் தண்ணீர் தள்ளும். எஞ்சின் ஓடினால் புகையின் அழுத்தம் அந்தத் தண்ணீரை வெளியே அடித்துவிடும். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, வழிந்து, சிலிண்டருக்குள் போய்விடும். ஏர் எடுக்கப் போய் எஞ்சினையே பறிகொடுத்த கதைகள் ஏராளம். அதேசமயம், வால்வைத் திறக்க மறந்து ஓட்டினால் கடல்நீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் கருகிவிடும். இரண்டையும் ஞாபகத்தை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். சாவி வால்வில் தொங்கினால், வால்வைத் தொடாமல் சாவியை எடுக்கவே முடியாது. எஞ்சின் பக்கத்துப் பட்டனால் ஸ்டார்ட் செய்தாலும், சாவியைப் போட்டால்தானே ஆல்டர்னேட்டரும் எச்சரிக்கை மணியும் வேலை செய்யும்; எப்படியும் அதைத் தேடிப் போவீர்கள்.

இம்பெல்லருக்கு வருவோம். ரப்பர் இதழ்கள் கொண்ட சின்னச் சக்கரம். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சின் என்றால் இதழ்கள் ஒரே பக்கம் மடங்கி விறைத்திருக்கும். என் எஞ்சினில் பம்பின் மூடி பின்பக்கம் பார்த்திருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. தடவித் தடவி ஸ்க்ரூ கழற்றினால் ஒன்று நிச்சயம் குழிக்குள் விழும். அந்த விளையாட்டையே விட்டுவிட்டேன். பெல்ட்டை எடுத்து, இரண்டு குழாய்களையும் கழற்றி, பம்பைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பை முழுதாக வெளியே எடுத்து, மேசைமேல் துண்டு விரித்து வேலை செய்கிறேன். கேட்கப் பெரிய வேலை போலிருக்கும், செய்து பார்த்தால் இருபது நிமிடம். இப்போது மூடியை மாற்றிவிட்டேன்: ரப்பர் வளையமும் விரலால் திருகும் பெரிய தலை ஸ்க்ரூக்களும் உள்ள மூடி தனியாகக் கிடைக்கிறது.

பம்பைக் கழற்றாமலே செய்வதென்றால், பம்புக்குக் கீழே ஒரு துண்டைத் தொட்டில் மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது ஸ்க்ரூ டிரைவர் நுனியில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் ஒட்டிக்கொண்டு போகும். காந்தக் குச்சி பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்களை இழுக்காது, அதை நம்பி இருக்காதீர்கள்.

பழைய இம்பெல்லரை வெளியே எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு முன்னால் எங்கோ, பெரும்பாலும் கடல்நீர் கூலன்டைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியின் வாயில், சிக்கி உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புதிதைப் போட்டால் சூடேறுவது நிற்காது. புது இம்பெல்லருக்குக் கிளிசரின் தடவுங்கள், ரப்பரைக் கெடுக்காது. இதழ்களைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டையைப் போட்டு இறுக்கிச் சுருக்கிக்கொண்டால் சுலபமாக உள்ளே போகும். இதழ்களைச் சுருக்கிப் பிடிப்பதுதான் இங்கே இன்னொரு ஆள் செய்திருக்க வேண்டிய வேலை.

கடல்நீர் வடிகட்டியைத் தினமும் பாருங்கள். நீரிணையில் பிளாஸ்டிக் பையும் ஜெல்லிமீனும் இல்லாத நாளே இல்லை. சைஃபன் தடுப்பு வால்வை வருடம் ஒருமுறை கழற்றி உப்பைக் கழுவுங்கள். அது அடைத்தால் எஞ்சின் நின்றிருக்கும்போதே கடல்நீர் மெல்ல உள்ளே இறங்கும். புகைக்குழாய் ரப்பரில் பொருத்தும் வெப்ப அலாரம் ஒன்று வாங்குவதையும் சிபாரிசு செய்கிறேன். கடல்நீர் நின்றால் கூலன்ட் சூடாவதற்கு முன்பே அது கத்திவிடும்.

சின்ன வேலைகள்

பெல்ட்டைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். சுற்றிலும் கறுப்புத் தூள் இருந்தால் தேய்கிறது என்று அர்த்தம். ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடிக்க ஒரு கை, போல்ட்டை இறுக்க ஒரு கை. நெம்புவதற்குச் சரியான நீளத்தில் ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்தால் ஆப்பு மாதிரி அதுவே நிற்கும். மற்ற உலோகங்கள் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டை பாதி கரைந்ததும் அதை மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பாட்டரி சுவிட்சை ஒருபோதும் அணைக்காதீர்கள், ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும்.

கடலில் தனியாக இருக்கும்போது

எஞ்சின் நின்றதும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் படகைப் பாருங்கள். நங்கூரம் போட முடிகிற ஆழமா, போடுங்கள். காற்று கொஞ்சம் இருக்கிறதா, பாயை ஏற்றிக் கரையைவிட்டு விலகுங்கள். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சமையலறை டைமரில் பத்து நிமிடம் வையுங்கள். 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கடல்மைல் வந்துவிடும். மணி அடித்ததும், கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டு மேலே ஏறிப் பாருங்கள்.

ஆனால் ஏணியைத்தான் கழற்றி வைத்திருக்கிறோமே! இதை நான் முதலில் யோசிக்கவில்லை. எஞ்சின் பலகையைத் திறந்தபின்னும் மேலே ஏற வழி வேண்டும். பக்கச் சுவரில் மடக்கும் கால்படி இரண்டும், மேலே கைப்பிடி ஒன்றும் போட்டிருக்கிறேன். தலையைக் குனிந்து டீசல் வாடையில் இருந்தால் கடலில் பழகியவர்களுக்கும் வயிறு புரட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வருவது அதற்கும் மருந்து.

சென்ற ஆண்டு போர்ட் டிக்சனுக்குத் தெற்கே மறுபடி ஃபில்டர் அடைத்தது. மானியின் முள் ஏறுவதைப் பார்த்துக் கைப்பிடியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நங்கூரம் போட்டு, தேநீர் குடித்துவிட்டு, அடைத்த ஃபில்டரை மாற்றப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

வேலை முடிந்ததும்

ஸ்பேனர்களைக் கதவில் மாட்டும்போது எண்ணுங்கள். காலியாக ஒரு இடம் இருந்தால் அந்த ஸ்பேனர் எஞ்சின் அறைக்குள்தான் இருக்கிறது. நோட்டில் எஞ்சின் மணியையும், செய்த வேலையையும், எடுத்த உதிரி பாகத்தையும் எழுதுங்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் அன்றே இரண்டு என்று வாங்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டயப்பரை மாற்றுங்கள்.

பிறகு கீழே குனிந்து வால்விலிருந்து சாவியை எடுங்கள், அதே கையால் வால்வைத் திறங்கள். மேலே போய் ஸ்டார்ட் செய்துவிட்டு, படகின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். முதல் அரை நிமிடத்துக்குள் புகையோடு சேர்ந்து தண்ணீர் துப்ப வேண்டும்.